தரவைக் கேட்டு வாங்குவது எப்படி? ஏபிஐ கோரிக்கை அனுப்பும் ஒரு சிறு செய்நிரல்

2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். பெற்றோல் வரிசையில் நாள்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் பம்பின் முன்னால் போய் நிற்கும்போது கைத்தொலைபேசியிலோ கசங்கிய கடதாசியிலோ இருந்த கியூஆர் குறியீட்டை நீட்டினோம். ஊழியர் தனது தொலைபேசியை அதன் மேல் பிடித்தார். சில விநாடிகளில் திரையில் மீதி எவ்வளவு என்று தெரிந்தது. மோட்டார் சைக்கிள் என்றால் ஆரம்பத்தில் வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டி என்றால் 5 லீற்றர். அடித்து முடிந்ததும் அந்தக் கணக்கில் கழிந்துவிடும்.

அந்தச் சில விநாடிகளில் என்ன நடந்தது? வாகன விபரங்கள் அந்த ஊழியரின் தொலைபேசியில் இருக்கவில்லை. எங்கோ இருந்த ஒரு சேவையகத்தில் இருந்தன. தொலைபேசியிலிருந்து “இந்த வாகனத்துக்கு இன்னும் எவ்வளவு பாக்கி?” என்று ஒரு கேள்வி போனது. அங்கிருந்து ஓர் எண் பதிலாக வந்தது. இடையில் மனிதர் யாரும் இல்லை. ஒரு செய்நிரல் இன்னொரு செய்நிரலிடம், இரண்டுக்கும் விளங்கும் ஒழுங்கில் கேட்டு வாங்கியது. இப்படிக் கேட்பதற்கென்று திறந்து வைக்கப்படும் கதவைத்தான் ஏபிஐ என்கிறார்கள்.

வங்கிச் செயலியில் மீதி பார்ப்பது, தொலைபேசியில் நாளைய மழை பார்ப்பது, இணையத்தளத்தில் டொலர் விலை மாறிக்கொண்டே இருப்பது எல்லாவற்றுக்கும் பின்னால் இதே கேள்வியும் பதிலும்தான் இருக்கின்றன. நாம் இதுவரை பதிலை மட்டும் பார்த்துப் பழகியிருக்கிறோம். கேள்வியை நாமே எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. கணினித்துறையில் வேலை செய்யாத ஊடகவியலாளர்கள், ஆசிரியர்கள், சமூகச் செயற்பாட்டாளர்கள், உயர்தர மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

எதற்காக நமக்கு இது?

பிராந்தியச் செய்தியாளரான நண்பர் ஒருவர் பொருளாதார நெருக்கடி பற்றி எழுதுவதற்காகப் பணவீக்க எண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். பல வருடங்களுக்கான பிடிஎஃப் கோப்புகளைத் திறந்து, அட்டவணைகளைப் பார்த்துப் பார்த்துக் கையால் தட்டச்சிட்டார். இரண்டு இரவுகள் போயின. கட்டுரை வெளியான பின்னர்தான் ஒரு வருடத்தின் எண் பக்கத்து வரியிலிருந்து எடுபட்டிருந்தது தெரியவந்தது. திருத்தம் போடவேண்டி வந்தது.

அவர் கவனக்குறைவானவர் அல்ல. மனிதக் கண் இரண்டாவது இரவில் அப்படித்தான் வேலை செய்யும். அதே எண்களை ஓர் ஏபிஐயிடம் கேட்டிருந்தால் சில விநாடிகளில் வந்திருக்கும். அடுத்த வருடம் அதே செய்நிரலை மீண்டும் ஓட்டினால் புதிய எண்ணும் சேர்ந்து வரும். அதைவிட முக்கியமானது, “இந்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள்?” என்று யாராவது கேட்டால், கேட்ட கேள்வியை அப்படியே எடுத்துக் காட்டலாம். அவரும் ஓட்டிப் பார்க்கலாம். எழுதியவரை நம்பும்படி கேட்பதும், வாசகரே சரிபார்க்க வழிவிடுவதும் ஒன்றல்ல.

எனவே, உதாரணமாக உலக வங்கியின் ஏபிஐயை எடுத்துக்கொள்வோம். இலங்கை உட்பட நாடுகளின் பணவீக்கம், பிறப்பு வீதம், கடன், பள்ளிச் சேர்க்கை என ஆயிரக்கணக்கான குறிகாட்டிகள் அதில் இருக்கின்றன. பணம் கட்டத் தேவையில்லை. பதிவுசெய்து சாவி வாங்கவும் தேவையில்லை. முதன்முதலாகப் பழகுவதற்கு இதைவிட இலகுவான கதவு கிடைப்பது அரிது.

கேள்வியின் உடற்கூறு

ஏபிஐயிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஓர் இணைய முகவரிதான். உலக வங்கியின் முகவரியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தால் அது ஒரு வாக்கியம்போல விளங்கும்.

முதலில் சேவையகத்தின் பெயர்: ஏபிஐ டொட் வேர்ல்ட்பேங்க் டொட் ஓஆர்ஜி. அடுத்து வி2 என்ற பதிப்பு எண். பிறகு ‘கன்ட்ரி’ என்ற சொல்லும், இலங்கைக்கான மூன்றெழுத்துக் குறியான எல்கேஏயும். அதன்பின் ‘இண்டிகேட்டர்’ என்ற சொல்லும், நாம் விரும்பும் குறிகாட்டியின் குறியீடும் வரும். நுகர்வோர் விலைகளின் வருடாந்தப் பணவீக்கத்துக்கு அந்தக் குறியீடு எஃப்பி டொட் சிபிஐ டொட் டிஓடிஎல் டொட் இசட்ஜி. இவை ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு சாய்கோடு இருக்கும்.

இதன் பின்னால் ஒரு கேள்விக்குறி வரும். அதற்குப் பிறகு வருபவை நிபந்தனைகள்: ‘ஃபோர்மட்’ சமன் ஜேசன், ‘டேட்’ சமன் 2015:2023. முதலாவது, பதில் எந்த வடிவத்தில் வேண்டும் என்கிறது. இதைச் சொல்லாவிட்டால் உலக வங்கி எக்ஸ்எம்எல் என்ற பழைய வடிவத்தில் பதில் தரும். இரண்டாவது, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்கிறது.

இந்த முகவரியை அப்படியே உலாவியில் தட்டச்சிட்டு என்டரை அழுத்திப் பாருங்கள். அடைப்புக்குறிகளும் மேற்கோள்குறிகளும் நிறைந்த எழுத்துக் குவியல் ஒன்று திரையில் வரும். பயப்பட வேண்டாம். நீங்கள் ஏபிஐயிடம் முதற் கேள்வியைக் கேட்டு, பதிலும் வாங்கிவிட்டீர்கள். செய்நிரல் செய்யப்போவதும் இதைத்தான். வந்த குவியலிலிருந்து தேவையானதை மட்டும் பொறுக்கித் தருவது மட்டுமே மேலதிக வேலை.

கணினியைத் தயார்செய்தல்

நமது உயர்தர தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் பைதன் மொழி இருக்கிறது. ஆகவே வீட்டிலோ அயலிலோ அதைப் படித்த ஒரு பிள்ளை இருக்கக்கூடும். நாமும் பைதனையே எடுப்போம்.

சொந்தக் கணினி இல்லாதவர்கள் கூகுள் கொலாப் என்ற இணையப் பக்கத்தைப் பயன்படுத்தலாம். ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். எதையும் நிறுவ வேண்டியதில்லை. கைத்தொலைபேசியிலும் திறக்கும், திரை சிறியது என்பதுதான் சங்கடம்.

கணினியில் செய்பவர்கள் பைதனின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து அதை இறக்கி நிறுவவேண்டும். விண்டோஸ் கணினி என்றால், நிறுவும் முதல் திரையின் அடியில் பைதனைப் பாத் என்பதில் சேர்க்கவா என்று ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் சரி அடையாளம் இட மறக்கவேண்டாம். மறந்தால், பைதன் கணினியில் இருந்தும் கட்டளைத் திரை “அப்படி ஒன்று இல்லை” என்று சொல்லும். தொடக்கத்தில் பலர் கைவிட்டுப் போவது இந்த இடத்தில்தான்.

அடுத்து ஒரு தனிக் கோப்புறை அமைத்து, அதற்குள் மெய்நிகர்ச் சூழல் ஒன்றை உருவாக்குவது நல்லது. பைதனுடனேயே வரும் வென்வ் என்ற கருவி அதைச் செய்யும். இந்த வேலைக்கு வேண்டிய சாமான்களை இந்த அறைக்குள்ளேயே வைத்துக்கொள்வதுபோல என்று எண்ணிக்கொள்ளுங்கள். நாளை இன்னொரு வேலைக்காக எதையாவது மாற்றினாலும் இது குழம்பாது.

கடைசியாக ரிக்வெஸ்ட்ஸ் என்ற நூலகம் வேண்டும். ‘பிப் இன்ஸ்டோல் ரிக்வெஸ்ட்ஸ்’ என்று ஒரு வரிக் கட்டளை. ஆங்கில எழுத்தில் தட்டச்சிட்டு என்டரை அழுத்தினால் இறங்கிவிடும். கொலாப்பில் இது ஏற்கெனவே இருக்கும்.

செய்நிரல் செய்யும் வேலை

செய்நிரலை ஆறு படிகளில் சொல்லிவிடலாம்.

ஒன்று, ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தை உள்ளே அழைத்தல்.

இரண்டு, கேள்விக்குறிக்கு முன்னால் உள்ள முகவரியை ஒரு மாறியில் வைத்தல்.

மூன்று, வடிவம், வருடம் ஆகிய நிபந்தனைகளை இன்னொரு மாறியில் அகராதி வடிவில் வைத்தல். முகவரியோடு அவற்றைக் கையால் ஒட்டவேண்டாம். நூலகமே ஒட்டும். தமிழ்ச் சொற்களோ இடைவெளிகளோ நிபந்தனையில் வந்தால் அவற்றை முகவரிக்குள் போகக்கூடிய வடிவத்துக்கு அதுவே மாற்றிக்கொள்ளும்.

நான்கு, ‘கெட்’ என்ற செயற்பாட்டுக்கு முகவரியையும் நிபந்தனைகளையும் கொடுத்து அனுப்புதல். கெட் என்றால் “எனக்குத் தா” என்று பொருள். இதன் மறுபக்கம் ‘போஸ்ட்’: “இதை நீ எடுத்துக்கொள்”. தரவு வாசிப்பதற்குப் பெரும்பாலும் கெட் போதும்.

ஐந்து, வந்த பதிலின் நிலைக்குறியைப் பார்த்து, சரியென்றால் ஜேசனாகப் பிரித்தல்.

ஆறு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரிசையிலிருந்தும் வருடத்தையும் பெறுமானத்தையும் எடுத்து அச்சிடுதல்.

மாறிகளுக்கு ஆங்கிலப் பெயர்தான் வைக்கவேண்டும் என்றில்லை. பைதனின் மூன்றாம் பதிப்பு தமிழ் எழுத்துகளையும் ஏற்கும். ‘பதில்’, ‘ஆண்டு’, ‘பெறுமானம்’ என்று பெயரிட்டு எழுதினாலும் செய்நிரல் ஓடும். கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

ஆறாவது படியில் ஒரு கண் வைக்கவேண்டும். உலக வங்கியின் பதில் இரண்டு துண்டுகளாக வரும். முதல் துண்டு பதிலைப் பற்றிய பதில்: மொத்தம் எத்தனை வரிசைகள், எத்தனை பக்கங்கள், கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது. உண்மையான எண்கள் இரண்டாவது துண்டில் இருக்கின்றன. பைதனில் எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குவதால், இரண்டாவது துண்டை எடுக்க 1 என்று கேட்கவேண்டும்.

எங்கே கால் இடறும்?

நிலைக்குறி மூன்று இலக்க எண். 200 என்றால் சரி. 404 என்றால் அந்த முகவரியில் ஒன்றும் இல்லை. 401, 403 என்றால் உமக்கு அனுமதியில்லை. 429 என்றால் அளவுக்கு மிஞ்சிக் கேட்டுவிட்டீர். 500, 503 போன்றவை என்றால் பிழை அந்தப் பக்கத்தில். 4இல் தொடங்கினால் நமது கேள்வியைத் திருத்தவேண்டும், 5இல் தொடங்கினால் சற்றுப் பொறுத்துக் கேட்கவேண்டும் என்று பொதுவாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் 200 வந்துவிட்டதே என்று நிம்மதியடையவும் முடியாது. உலக வங்கியிடம் பிழையான குறியீட்டைக் கேட்டால், 200 என்ற நிலைக்குறியோடு “நீங்கள் தந்த பெறுமானம் செல்லுபடியாகாது” என்ற செய்தி உள்ளே வரும். கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது என்று தபாற்காரர் சொல்கிறார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அவர் பொறுப்பல்ல. எண்களுக்குப் போகும் முன்னர் இரண்டாவது துண்டு உண்மையில் இருக்கிறதா என்று செய்நிரல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த பொறி பக்கங்கள். வருட வரம்பைச் சொல்லாமல் கேட்டால் 1960 தொடக்கம் உள்ள வரிசைகள் எல்லாம் இதில் அடங்கும். ஆனால் ஒரு பக்கத்தில் 50 வரிசைகளைத்தான் உலக வங்கி தானாகத் தரும். புதியவை முதலில் வருவதால், பழைய வருடங்கள் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஒரு பக்கத்துக்கு எத்தனை என்ற நிபந்தனையைக் கூட்டிக் கேட்கவேண்டும், அல்லது பக்கம் பக்கமாகக் கேட்டுச் சேர்க்கவேண்டும். முதல் துண்டில் உள்ள மொத்த எண்ணிக்கையோடு நம்மிடம் வந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

மூன்றாவது, வெற்றிடம். எண் இல்லாத வருடத்துக்குப் பெறுமானம் வெறுமையாக வரும். அதைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டால், பணவீக்கமே இல்லாத ஒரு வருடத்தை நாமே உருவாக்கிவிடுவோம். “தெரியாது” என்பதும் “இல்லை” என்பதும் வெவ்வேறு.

நான்காவது, காத்திருப்பு. ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு நாம் நேர எல்லை சொல்லாவிட்டால், மறுபக்கம் பேசாமல் இருக்கும்வரை அது முடிவில்லாமல் காத்திருக்கக்கூடும். இணைப்பு அடிக்கடி விழும் இடங்களில் இருப்பவர்கள் ‘டைம்அவுட்’ என்ற நிபந்தனையை எப்போதும் கொடுக்கவேண்டும். 10 விநாடி போதும். தோற்றால் 2 விநாடி பொறுத்து, பிறகு 4, பிறகு 8 என இடைவெளியைக் கூட்டிச் சில தடவைகள் முயலலாம். விடாமல் தட்டினால் தடுமாறும் சேவையகம் இன்னும் தடுமாறும்.

கடைசியாக, தமிழ். தமிழ் எழுத்துகளைத் தரும் ஏபிஐகளின் பதிலைக் கோப்பில் எழுதும்போது சில வேளை ‘அ’ என்ற எழுத்துக்குப் பதிலாகப் பின்சாய்கோடும் இலக்கங்களும் தெரியும். தரவு பழுதாகவில்லை. ஜேசனை எழுதும் செயற்பாட்டில் ஆஸ்கி எழுத்துகளுக்குள் மட்டும் நிற்காதே என்று சொல்லும் தெரிவு ஒன்று இருக்கிறது, அதை மாற்றினால் தமிழ் தமிழாகவே வரும். எக்செலில் திறக்கப்போகிறீர்கள் என்றால் யூடிஎஃப்-8-சிக் என்ற குறிமுறையில் சேமியுங்கள். இல்லாவிட்டால் விளங்காத குறிகளே தெரியக்கூடும்.

எண் சரி, அர்த்தம் சரியா?

செய்நிரலை ஓட்டினால் 2022ஆம் ஆண்டு இலங்கைப் பணவீக்கம் ஏறக்குறைய 50 வீதம் என்று வரும். ஆனால் அந்த நாட்களில் செய்திகளில் நாம் படித்தது வேறு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம் என்று தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் அறிவித்தது. யார் பொய் சொல்கிறார்கள்?

யாரும் இல்லை. 69.8 என்பது 2021 செப்டெம்பரையும் 2022 செப்டெம்பரையும் ஒப்பிட்ட எண். உலக வங்கியின் எண் முழு வருடத்தின் சராசரியை முந்திய வருடச் சராசரியோடு ஒப்பிடுகிறது. விலைகள் இன்னும் எகிறாத 2022 ஜனவரியும் அந்தச் சராசரிக்குள் இருக்கிறது. இரண்டும் உண்மை. ஆனால் ஒன்றை எடுத்து மற்றதன் பெயரில் போட்டால் அது பொய்யாகிவிடும்.

இன்னொன்று. 2023 செப்டெம்பரில் அதே கொழும்புச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 1.3 வீதம். இதை வைத்து விலை குறைந்துவிட்டது என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறோம். விலை குறையவில்லை. ஏறிய இடத்தில் நின்றுகொண்டு, அங்கிருந்து இன்னும் கொஞ்சம் ஏறியது. சந்தைக்குப் போகும் எந்த அம்மாவுக்கும் இது தெரியும். ஏபிஐ நாம் கேட்டதற்குத்தான் பதில் தரும். சரியான கேள்வியைக் கேட்டோமா என்று அது சொல்லாது. ஒவ்வொரு குறிகாட்டிக்கும் உள்ள விளக்கக் குறிப்பை வாசிப்பது செய்நிரல் எழுதுவதைவிட முக்கியமான வேலை.

சாவியும் சட்டமும்

எல்லாக் கதவும் உலக வங்கியின் கதவுபோலத் திறந்திருப்பதில்லை. பல ஏபிஐகள் சாவி கேட்கும். சாவி என்பது நீண்ட எழுத்துச் சரம். அது உங்கள் அடையாள அட்டையும் பணப்பையும் சேர்ந்தது. அதைச் செய்நிரலுக்குள் எழுதி, அந்தச் செய்நிரலை கிட்ஹப் போன்ற பொதுத் தளத்தில் போடுவது ஏடிஎம் அட்டையின் பின்புறத்தில் இரகசிய எண்ணை எழுதிவைப்பதற்கு ஒப்பானது. இப்படி வெளியாகும் சாவிகளைத் தேடித் திரியும் தானியங்கிச் செய்நிரல்கள் இருக்கின்றன. சாவியைத் தனிக் கோப்பிலோ கணினியின் சூழல் மாறியிலோ வைத்து, செய்நிரல் அங்கிருந்து வாசிக்கும்படி செய்யுங்கள். தவறி வெளியானால், அழிப்பது மட்டும் போதாது. பழைய பதிப்புகளில் அது இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சாவியையே இரத்துச் செய்து புதியது எடுக்கவேண்டும்.

கேட்கும் அளவுக்கும் எல்லை உண்டு. உதாரணமாக, கிட்ஹப்பின் ஏபிஐ சாவியில்லாதவருக்கு மணிக்கு 60 கோரிக்கைகளையே அனுமதிக்கிறது. விக்கிமீடியா தளங்கள் கேட்பவர் யார் என்பதை யூசர் ஏஜென்ட் என்ற பகுதியில் எழுதச் சொல்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை மாறும் எண்ணை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பதில் அர்த்தமில்லை. ஒருமுறை வாங்கி உங்கள் கணினியில் சேமித்து, அதிலிருந்து வேலை செய்யுங்கள்.

முகவரியில் உள்ள ஓர் எண்ணை மாற்றினால் இன்னொருவருடைய விபரம் தெரியும்படி மோசமாக அமைக்கப்பட்ட ஏபிஐகளும் உலகில் இருக்கின்றன. கதவு பூட்டியில்லை என்பது உள்ளே போவதற்கான அனுமதியல்ல. நமது நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டமும், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் தரவை இறக்காமல், உரியவர்களுக்கு அறிவிப்பதே முறை.

மூடப்படும் கதவுகள்

கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது தொழில்நுட்ப விடயம் மட்டுமல்ல. 2018இல் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது பேஸ்புக்கில் வெறுப்புப் பேச்சு பரவியது. அதில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காக அந்நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. அத்தகைய பதிவுகள் எப்படிப் பரவுகின்றன என்று வெளியிலிருந்து ஆராய்வதற்கு ஊடகவியலாளர்களும் ஆய்வாளர்களும் பயன்படுத்திய கிரவுட்டேங்கிள் என்ற கருவியை மெட்டா நிறுவனம் 2024 ஓகஸ்ட்டில் மூடிவிட்டது. 2023இல் டுவிட்டர் தனது இலவச ஏபிஐ வசதியைப் பெருமளவில் நிறுத்தியது. அடுத்த தடவை ஒரு வதந்தி பரவும்போது அதைப் பின்தொடர்ந்து பார்க்கக்கூடிய கண்கள் குறைவாகவே இருக்கும்.

நம் பக்கத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம் பொதுத் தகவலைக் கேட்கும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது. ஆனால் கிடைக்கும் தகவல் வருடி எடுத்த படமாக, தேடவோ கூட்டவோ முடியாத பிடிஎஃப் கோப்பாக இருந்தால், அந்த உரிமையின் பாதி கோப்புக்குள்ளேயே பூட்டப்பட்டுவிடுகிறது. மழைவீழ்ச்சி, ஆற்று நீர்மட்டம், மருந்துக் கையிருப்பு, பிரதேச செயலகவாரியான ஒதுக்கீடு போன்றவை மூன்று மொழிகளிலும், கணினி வாசிக்கக்கூடிய வடிவிலும் தாமதமின்றிக் கிடைக்கவேண்டும் என்று கேட்பது ஆடம்பரமல்ல. தாழ்நிலத்தில் வாழும் ஒரு கிராமத்துக்கு நீர்மட்டம் மறுநாள் அறிக்கையில் வருவதும், அந்த மணியிலேயே வருவதும் ஒன்றாகாது.

அப்படியான கதவுகளைத் திறக்கச் சொல்லிக் கேட்க, முதலில் திறந்திருக்கும் ஒரு கதவுக்குள் போய்ப் பார்த்தவர்கள் நம்மிடையே வேண்டும். இன்றிரவு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். உலக வங்கி முகவரியில் எல்கேஏ என்று இருப்பதைப் பிஜிடி என்று மாற்றினால் பங்களாதேஷின் எண்கள் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022இல் நமக்கு என்ன நடந்தது என்று யாரும் சொல்லாமலேயே தெரியும்.